ஆப்லொவா, அப்லோவா? ஸ்பானிஷ் இறந்த காலத்துல மாட்டிக்கிட்டேன், கரையேத்துங்க

கல்மண்டபம்24 · ஞாயிறு இரவு 9.40

வணக்கம். மண்ணடியில ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். ஆறு மாசமா ஸ்பானிஷ் படிக்கிறேன், ஏ2 பரீட்சை (ரெண்டாவது படி) எழுதணும். நிகழ்காலம் வரைக்கும் வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. இறந்த காலம் ஆரம்பிச்ச அன்னைக்கு நின்னவ, இன்னும் அங்கயே நிக்கிறேன்.

வகுப்புல பெருசா ஒரு கட்டம் போட்டுக் குடுத்தாங்க. ஏ-ஆர்ல முடியிற வினைக்கு ஒரு வரிசை. ஈ-ஆருக்கும் ஐ-ஆருக்கும் சேத்து இன்னொரு வரிசை. அதுக்குக் கீழ 'விதிவிலக்கு'ன்னு தலைப்பு போட்டு ஒரு பக்கம் முழுக்க வினைங்க. மனப்பாடம் பண்ணிட்டு வாங்க, அவ்வளவுதான் பாடம். பண்ணேன். மண்ணடியில மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில இறங்கறதுக்குள்ள பாதி மறந்துடுது. நடுவுல ஒரு ஸ்டேஷன்கூட கிடையாது.

என் நோட்டுல ஸ்பானிஷ் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலதான் எழுதி வெச்சிருக்கேன் (சிரிக்காதீங்க). அதுல 'நான் பேசுறேன்'னாலும் ஆப்லோ, 'அவன் பேசினான்'னாலும் ஆப்லோ. புஸ்தகத்துல கடைசி எழுத்து மேல ஒரு சின்னக் கோடு இருக்கு, அதான் வித்தியாசமாம். ஒரு கோட்டுக்காக ஆளும் மாறி காலமும் மாறுமா? அதுக்கு மேல, 'போனேன்'னு சொல்ல ஒரு இடத்துல ஃபுவீ, இன்னொரு இடத்துல ஈவ. எது எங்கன்னு கேட்டா "பழகப் பழக வந்துடும்"னு பதில். எப்ப வரும்?

மனப்பாடமன்னன் · ஞாயிறு இரவு 9.58

வேற வழி இல்லை சிஸ்டர். வாய்ப்பாடு மாதிரிதான். பதினாறாம் வாய்ப்பாடு எப்படிப் படிச்சீங்களோ அப்படி. ஒரு நாளைக்குப் பத்து வினை, சத்தம் போட்டு. குறுக்கு வழி தேடினா நேரம்தான் போகும்.

வியாசர்பாடி_விங்கர் · ஞாயிறு இரவு 10.05

பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்னும் வராது தல.

கப்பல்மாமா · ஞாயிறு இரவு 10.31

பாப்பா, அந்த ஒரு கோட்டால எனக்கு காசு போயிருக்கும், கேளு.

நான் திருவொற்றியூரு. கப்பல்ல இருபத்தேழு வருஷம், போசன் வேலை, மேல்தளத்து ஆளுங்களுக்கு மேஸ்திரி கணக்கா. பெரு நாட்டுல கய்யாவோன்னு ஒரு துறைமுகம், லிமா பக்கத்துல. கரைக்கு எறங்கி நாலு பேரு துன்னப் போனோம். செவிச்சென்னு ஒண்ணு குடுப்பான், பச்ச மீனை எலுமிச்ச சாறுல ஊற வெச்சு வெங்காயம் போட்டு. காசிமேட்டுல அத்த சொன்னா அடிக்க வருவாங்கோ, ஆனா சூப்பரா இருந்துச்சி. கூட வந்த பிலிப்பைன்ஸ்காரன் கல்லாவாண்ட போய் மொத்தத்துக்கும் காசு குடுத்துட்டான். நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன், பையன் பில்லை எடுத்துக்கினு என்னாண்ட வரான். 'அவன் குடுத்துட்டான்'னு சொல்லணும். அந்தாண்ட கையக் காட்டி 'பாகொ, பாகொ'ன்னேன். பையன் சிரிச்சிக்கினே பில்லை என் கையில வெச்சிட்டான்.

மொதல் எழுத்துல அழுத்துனா 'நான் குடுக்கறேன்'. கடைசில அழுத்துனா, 'பகோ'ன்னா, 'அவன் குடுத்தான்'. நான் பெரிய மனுஷன் கணக்கா 'நான் குடுக்கறேன், நான் குடுக்கறேன்'னு கத்திக்கினு இருந்திருக்கேன். பிலிப்பைன்ஸ்காரன் வவுத்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறான், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்றான் பாவி.

(பாகொல வர்ற 'கொ'வை காந்தி 'கா' மாதிரி சொல்லணும், பாக்கு கணக்கா இல்ல.)

வண்ணை_வாத்தியார் · ஞாயிறு இரவு 11.12

கப்பல்காரர் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றுகிறது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் இலக்கணம் நடத்தியவன், பேத்தி படிப்பதை ஓரமாக உட்கார்ந்து கேட்டவன், அவ்வளவே.

அம்மா, உன் நோட்டிலேயே விடை இருக்கிறது. இரண்டையும் 'ஆப்லோ' என்று ஏன் எழுதினாய்? நம் எழுத்தில் ஒகரமும் ஓகாரமும் தனித்தனியே இருக்கின்றன. எகரமும் ஏகாரமும் இருக்கின்றன. அழுத்தம் விழும் இடத்தில் நெடில் போடு, மற்ற இடமெல்லாம் குறில். பேசுகிறேன்: ஆப்லொ. பேசினான்: அப்லோ. கொடுக்கிறேன்: பாகொ. கொடுத்தான்: பகோ. அந்தச் சின்னக் கோட்டுக்கு இனி உன் நோட்டில் வேலை இல்லை.

வடமொழிக்காரனுக்கு எழுத்தில் குறில் ஒகரமே கிடையாது. நமக்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்.

கல்மண்டபம்24 · ஞாயிறு இரவு 11.20

ஐயா!!! ஆறு மாசமா கண்ணு முன்னாடி இருந்திருக்கு.

மொத்தத்தையும் அப்படியே மாத்தி எழுதிப் பாத்தேன். சரியா பாருங்க:

பேசினேன் அப்லே, பேசினே அப்லாஸ்தெ, பேசினான் அப்லோ, பேசினோம் அப்லாமொஸ், பேசினாங்க அப்லாரொன்.

சாப்பிட்டேன் கொமீ, சாப்பிட்டே கொமீஸ்தெ, சாப்பிட்டான் கொமியோ, சாப்பிட்டோம் கொமீமொஸ், சாப்பிட்டாங்க கொமியேரொன்.

நைட்ஷிஃப்ட்_அக்கா · திங்கள் அதிகாலை 3.15

பிரேக்ல இருக்கேன், அதான் இந்த நேரத்துல. பெரம்பூர்ல இருந்து ராத்திரி ஷிஃப்ட்ல ஸ்பானிஷ் கால் எடுக்கிறவ நான். ஒன்பது வருஷம் ஆச்சு.

கட்டம் சரி. ஸ்பெயின்காரங்க மட்டும் 'நீங்கள்லாம்'னு நெருங்கினவங்களைக் கூப்பிட தனியா ஒரு வடிவம் வெச்சிருக்காங்க, அப்லாஸ்தெய்ஸ். லத்தீன் அமெரிக்கா முழுக்க அது கிடையாது. பரீட்சையில பாத்தா அடையாளம் தெரியட்டும், போதும்.

ஐயா சொன்ன நெடில் வழி எழுதறதுக்கு அருமை. பேசும்போது ஜாக்கிரதை. ஸ்பானிஷ்ல உயிரெழுத்து நீளாது, பலமா விழும், அவ்வளவுதான். 'அப்லோஓஓ'ன்னு இழுத்தா ரேடியோ நாடகம் மாதிரி இருக்கும். நோட்டுல நெடில், வாயில குட்டு.

அப்புறம் கவனிச்சியா, 'பேசினோம்'க்கு எழுதின அப்லாமொஸ்தான் 'பேசுறோம்'க்கும். பயப்படாதே. 'அயேர்'னு (நேத்து) ஒரு வார்த்தை முன்னாடி இருந்தா முடிஞ்சுது. சாப்பாட்டுக்கு அந்தக் குழப்பம் இல்லை: கொமேமொஸ் சாப்பிடறோம், கொமீமொஸ் சாப்பிட்டோம்.

மனப்பாடமன்னன் · திங்கள் காலை 8.10

சரி, நெடில் குறில் நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா விதிவிலக்குப் பக்கம்? தெனேர்ல இருந்து தூவெ எப்படி வரும்? அதுக்கு எந்த இலக்கணம் கை குடுக்கும்? மனப்பாடம்தானே?

கப்பல்மாமா · திங்கள் காலை 8.47

தம்பி, நான் கட்டம் பாத்ததே இல்ல. காதுல உய்ந்தது அப்டியே வாயில வந்துச்சி. அதுல ஒண்ணு கண்டுகினேன். வாலுங்க அஞ்சு. அதுல மூணு வாலு எப்பவும் மாறாது. 'நீ'க்கு எங்க பாத்தாலும் ஸ்தெ. 'நாம'க்கு மொஸ். 'அவங்க'க்கு ரொன். துன்னியா, வந்தியா, குடுத்தியா, எல்லாம் ஸ்தெ, ஸ்தெ, ஸ்தெ. அப்ப மீதி ரெண்டுதான்: நானு, அவன். அந்த ரெண்டுலதான் எல்லா பேஜாரும்.

நைட்ஷிஃப்ட்_அக்கா · திங்கள் மதியம் 1.30

மாமா, இதை வகுப்புல முதல் நாளே சொல்லியிருந்தா எத்தனை பேரு தப்பிச்சிருப்பாங்க! தூங்கி எழுந்து பாக்கிறேன், மனசு நிறைஞ்சு போச்சு.

அந்த ரெண்டைப் பத்தி. சாதா வினைக்கு நானும் அவனும் வால்ல அடி வாங்குவாங்க: அப்லே, அப்லோ; கொமீ, கொமியோ. கோணல் வினைக்கு மண்டையில அடி. நெடிலை முன்னாடி தள்ளிடு, வால்ல குறில் வெச்சுடு: தூவெ (எங்கிட்ட இருந்துச்சு), தூவொ (அவன்கிட்ட இருந்துச்சு). அதனாலதான் இதுக்கு மேல கோடே போடறதில்லை. கோடு இல்லாத இறந்த காலம்னாலே கோணல் வினைன்னு சந்தேகப்படலாம்.

கோணல் வினைங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, மூணு தெருவுல குடியிருக்காங்க. ஊகாரத் தெரு: தூவெ, எஸ்தூவெ (இருந்தேன்), அந்தூவெ (நடந்தேன்), பூதெ (என்னால முடிஞ்சுது), பூஸெ (வெச்சேன்), ஸூப்பெ (தெரிஞ்சுது). ஈகாரத் தெரு: ஈஸெ (செஞ்சேன்), கீஸெ (விரும்பினேன்), வீனெ (வந்தேன்). ஹகரத் தெரு: தீஹெ (சொன்னேன்), த்ராஹெ (கொண்டுவந்தேன்), கொந்தூஹெ (ஓட்டினேன்). வால் மூணு தெருவுக்கும் ஒண்ணுதான். ஹகரத் தெருவுல மட்டும் 'அவங்க' வரும்போது 'இய' விழுந்துடும்: துவியேரொன், ஆனா திஹேரொன்.

மனப்பாடமன்னனுக்கு: ஆமா தம்பி, இந்த வேர்களை மனப்பாடம்தான் பண்ணணும். ஆனா ஒரு டஜன் வேர், ஒரு வால். உங்க பக்கத்துல இருந்தது அறுபது வார்த்தை.

மனப்பாடமன்னன் · திங்கள் மதியம் 1.52

கடைசியில மனப்பாடம்தான்னு ஒத்துக்கிட்டீங்கல்ல. நன்றி.

வண்ணை_வாத்தியார் · திங்கள் மாலை 5.05

நாமும் கோணல்காரர்கள்தாம். வா என்றால் வந்தேன், போ என்றால் போனேன், நில் என்றால் நின்றேன், காண் என்றால் கண்டேன். நன்னூலார் இறந்தகால இடைநிலைக்குத் த், ட், ற் என்னும் ஒற்றுகளையும் இன் என்பதையும் சொன்னார். நாலைந்து வயதுப் பிள்ளை இதையெல்லாம் பிழையின்றிப் பேசுகிறது, யாரும் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் 'பேசினேன்' பிரியும்: பேசு, இன், ஏன். காலத்துக்கு ஓர் உறுப்பு, ஆளுக்கு ஓர் உறுப்பு. 'அப்லே'யைப் பிரித்தால் வினையடி ஒரு பக்கம், அந்த ஓர் ஏகாரம் மறு பக்கம். காலமும் தன்மை ஒருமையும் அந்த ஒற்றை எழுத்துக்குள் ஒட்டிக்கிடக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் கட்டத்தைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்: இடைநிலையைத் தேடுகிறார்கள், அது தனியே இல்லை.

எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதில் இருவரும் ஒன்று. 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' வேண்டாம். 'வீனெ' என்றாலும் அப்படியே.

வியாசர்பாடி_விங்கர் · திங்கள் இரவு 8.40

நான் படிக்கிறதெல்லாம் அர்ஜென்டினா மேட்ச் கமெண்ட்ரில இருந்துதான். எங்க ஏரியாவுல 2022 வேர்ல்டு கப் ஃபைனல் அன்னைக்கு ஸ்கிரீன் கட்டிப் பாத்தோம். மெஸ்ஸி மார்கோ தோஸ் கோலெஸ், எம்பாப்பே மார்கோ த்ரெஸ், எம்பத்தாரொன் (சமம் ஆச்சு) மூணு-மூணு, பெனால்டில நாலு-ரெண்டு, அர்ஜென்டினா கனோ!

ஐயா ரூல் படி நான் இதை மர்கோன்னு எழுதணும் இல்ல? மார்கொன்னா 'நான் கோல் அடிக்கிறேன்'. கனோன்னா ஜெயிச்சுது, கானொன்னா நான் ஜெயிக்கிறேன். சரியா?

டவுட்டு: 'ஃபுவே பெனால்'னு கத்துவாங்க, பெனால்டிதான்னு அர்த்தம். 'மெஸ்ஸி ஃபுவே அ பாரிஸ்'னா மெஸ்ஸி பாரிஸ் போனார். ரெண்டும் ஃபுவே. இது 'போச்சா' இல்ல 'ஆச்சா'?

நைட்ஷிஃப்ட்_அக்கா · திங்கள் இரவு 8.55

ரெண்டும். 'இரு'ங்கிற ஸேருக்கும் 'போ'ங்கிற ஈருக்கும் இறந்த காலம் ஒரே வரிசை: ஃபுவீ, ஃபுவீஸ்தெ, ஃபுவே, ஃபுவீமொஸ், ஃபுவேரொன். பின்னாடி 'அ' வந்து ஊர் வந்தா போனது. இல்லேன்னா இருந்தது.

இது லத்தீன் காலத்து ஒட்டுப்போட்ட சட்டை. 'இரு' வினையோட இறந்த கால வடிவம் லத்தீன்லயே 'ஃபுயி'தான்; அதை 'போ' வினை எடுத்து மாட்டிக்கிச்சு. 'போறேன்'ங்கிற வொய் வேற லத்தீன் வினையில இருந்து வந்தது, ஈர், ஈவ ரெண்டும் இன்னொண்ணுல இருந்து. ஒரே வினைக்குள்ள மூணு வினை குடியிருக்கு.

கப்பல்மாமா · திங்கள் இரவு 9.10

நம்மளே 'மேட்ச் மோசமா பூட்ச்சி'ன்றோம், மேட்ச் எங்க பூட்ச்சி?

வண்ணை_வாத்தியார் · திங்கள் இரவு 9.14

கப்பல்காரரே, கேள்வி அருமை. 'கெட்டுப்போனான்', 'பெரிதாய்ப் போயிற்று'. போவது ஆவதாக மாறும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

கல்மண்டபம்24 · திங்கள் இரவு 10.02

நடுவுல ஒரு சந்தேகம். சென்ட்ரல் பின்னாடி அல்லிக்குளம் கடையில (மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சப்புறம் கட்டினாங்களே, அதுல) எண்பது ரூபாய்க்கு ஒரு பழைய ஸ்பானிஷ் இலக்கணம் வாங்கினேன். அட்டை இல்லை, ஓரமெல்லாம் செல்லரிச்சது. அதுல ஃபுவே, வியோ, தியோ எல்லாத்துக்கும் மேல கோடு இருக்கு. வகுப்புப் புஸ்தகத்துல கோடு இல்லை. எது அச்சுப் பிழை?

நைட்ஷிஃப்ட்_அக்கா · திங்கள் இரவு 10.20

ரெண்டுமே சரி. ஒரே அசையில முடியிற சொல்லுக்குக் கோடு எதுக்குன்னு ஸ்பானிஷ் அகாடமி 1959ல இருந்து எடுத்துட்டாங்க. உன் புஸ்தகம் அதுக்கு முந்தினதா இருக்கும். பத்திரமா வெச்சுக்கோ, பரீட்சையில மட்டும் அதைப் பாத்து எழுதிடாதே.

பேரும் குழப்பும். ஒரு புஸ்தகத்துல இந்தக் காலத்துக்கு 'இந்தெஃபினீதொ'ன்னு பேரு, இன்னொண்ணுல 'பெர்ஃபெக்தொ ஸிம்ப்லெ'. 1847ல அந்த்ரேஸ் பேய்யோ அமெரிக்கக் கண்டத்துக்காரங்களுக்குன்னு எழுதின இலக்கணத்துல வெறும் 'ப்ரெதேரிதொ'. மூணும் ஒரே ஆளு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு மாதிரி.

மனப்பாடமன்னன் · செவ்வாய் காலை 7.45

எல்லாம் சரி, சிஸ்டர் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு யாரும் வரலையே. ஃபுவீயா ஈவவா? எனக்கு வகுப்புல சொன்னது: சட்டுனு முடிஞ்சா ஃபுவீ, ரொம்ப நேரம் நடந்தா ஈவ.

நைட்ஷிஃப்ட்_அக்கா · செவ்வாய் மதியம் 2.10

அந்த விதியைத் தூக்கி கூவத்துல போடுங்க. 'பத்து வருஷம் ராயபுரத்துல இருந்தேன்'. பத்து வருஷம், எவ்வளவு நீளம்! ஆனா ஸ்பானிஷ்ல விவீ தியெஸ் ஆஞொஸ் என் ராயபுரம். விவீய இல்லை, விவீ. எண்ணிக்கை சொல்லி மூட்டை கட்டியாச்சுன்னா நூறு வருஷம் ஆனாலும் ஃபுவீ, விவீ மாதிரிதான். மூட்டை வாய் திறந்து கிடந்தா ஒரு நிமிஷமா இருந்தாலும் ஈவ, விவீய மாதிரி.

(ஆஞொஸ்ல அந்த ஞகரத்தை னகரமா மாத்திடாதீங்க. வருஷம் வேற எங்கயோ போய் நிக்கும், இங்க எழுத முடியாது.)

என் வேலையில இருந்து ஒரு உதாரணம். இன்ஷூரன்ஸ் கால். வண்டி இடிச்சவரு நடந்ததைச் சொல்லுவாரு. "யொவீய" (மழை பேஞ்சிட்டிருந்துச்சு), "ஏர தெ நோச்செ" (ராத்திரி நேரம்), "ஈவ அ மி காஸ" (வீட்டுக்குப் போயிட்டிருந்தேன்). இதெல்லாம் மேடையில தொங்கற திரை. அப்புறம் "எல் கார்ரொ பரோ" (முன்னாடி வண்டி நின்னுச்சு), "ஃப்ரெனே" (பிரேக் போட்டேன்), "சொக்கே" (இடிச்சேன்). இதெல்லாம் மேடையில நடந்தது, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு.

இப்ப பாருங்க. அவரு 'பரோ'ன்னா முன் வண்டி அப்பத்தான் நின்னுச்சு. 'எஸ்தாவ பராதொ'ன்னா ஏற்கெனவே நின்னுட்டிருந்துச்சு. தமிழ்ல அவசரத்துல ரெண்டையும் 'நின்னுச்சு'ன்னு சொல்லிடுவோம். சேந்த புதுசுல நான் ஒரு தடவை அப்படிக் குறிப்பு எழுதி, மேலதிகாரி ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுக் காட்டினாரு. நின்ன வண்டி மேல போய் இடிச்சதுக்கும், திடீர்னு நின்ன வண்டி மேல இடிச்சதுக்கும் தப்பு யாரு மேலன்னு மாறிடும்.

கப்பல்மாமா · செவ்வாய் மாலை 4.00

அத்தான் நம்ம கினு. 'தூங்கிக்கினு இருந்தேன், மணி அட்ச்சான்.' மொதலு கினு, ரெண்டாவது அட்ச்சான். கினு வந்தா ஈவ கட்சி, கினு இல்லேன்னா ஃபுவீ கட்சி.

கல்மண்டபம்24 · செவ்வாய் மாலை 6.35

மாமா, இன்னொண்ணும் இருக்கு! எங்க ஆயா பேசறதைக் கேட்டுட்டே இருந்தேன். "அப்பல்லாம் ஞாயித்துக்கெழம ஆனா காசிமேடு போவோம், சென்னாக்குன்னி வாங்குவோம், தாத்தா கருவாடு காயப் போடுவாரு." நடந்து முடிஞ்ச கதை, ஆனா போவோம், வாங்குவோம், போடுவாரு. எதிர்காலத்துலயே சொல்றாங்க. அங்கெல்லாம் ஸ்பானிஷ்ல ஈவமொஸ்தானே வரும்? உடனே ஆயா, "ஒரு நா போனோம், பொயலு அட்ச்சிச்சி"ன்னாங்க. அந்த இடத்துல ஃபுவீமொஸ்!

வண்ணை_வாத்தியார் · செவ்வாய் இரவு 7.20

அம்மா, உன் ஆயாவிடம் ஆறு மாதம் முன்பே டியூஷன் போயிருக்க வேண்டும்.

மனப்பாடமன்னன் · செவ்வாய் இரவு 8.05

அழகா இருக்கு, ஆனா எல்லா இடத்துக்கும் வராது. 'தாத்தா நல்லா உயரமா இருந்தாரு.' கினுவும் இல்லை, 'இருப்பாரு'ன்னும் சொல்லமாட்டோம். ஸ்பானிஷ்ல ஏர. 'கல்யாணம் நல்லா இருந்துச்சு', ஸ்பானிஷ்ல ஃபுவே. தமிழ்ல ரெண்டும் இருந்துச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?

நைட்ஷிஃப்ட்_அக்கா · புதன் அதிகாலை 3.20

தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. 'இரு'ங்கிற இடத்துல தமிழ் கைவிட்டுடும். அங்க மூட்டைக் கேள்வியைத்தான் கேக்கணும். கல்யாணம் ஒரு நாள் நடந்து முடிஞ்சுது, மொத்தமா தீர்ப்பு சொல்றோம், ஃபுவே. தாத்தாவோட உயரத்துக்கு ஆரம்பம் முடிவு யாரு சொல்றாங்க? ஏர.

ஆனா ஒரு இடத்துல தமிழ் ஸ்பானிஷைவிட பளிச்சுனு இருக்கு. வகுப்புல 'இந்த வினைங்களுக்கு அர்த்தமே மாறிடும்'னு பயமுறுத்துவாங்க. ஸவீய, எனக்குத் தெரியும் (அப்பவே). ஸூப்பெ, எனக்குத் தெரிஞ்சுது, அதாவது தெரிய வந்துச்சு. 'தெரியும்', 'தெரிஞ்சுது' ரெண்டும் வேறன்னு எந்தத் தமிழனுக்கும் சொல்லித் தர வேண்டாம். பொதீய, என்னால முடியும் (அப்ப). பூதெ, முடிஞ்சுது, செஞ்சே காட்டிட்டேன். நோ பூதெ, பாத்தேன், முடியல. கொனொஸீய, அவரைப் பழக்கம். கொனொஸீ, அவர் அன்னைக்குத்தான் பழக்கமானாரு.

நோ கெரீய கொமேர், சாப்பிடப் பிடிக்கல, ஆனா சாப்பிட்டிருக்கலாம். நோ கீஸொ கொமேர், மாட்டேன்னுட்டான். பிள்ளை பெத்தவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

வியாசர்பாடி_விங்கர் · புதன் காலை 9.00

அக்கா, பகார்ல நான் குடுத்தேன்ங்கிறதுக்கு நடுவுல ஒரு யூ சேத்து எழுதறாங்களே, புஸ்கார்ல கியூ வருதே, அது எந்தத் தெரு?

நைட்ஷிஃப்ட்_அக்கா · புதன் காலை 9.04

தெருவே இல்லை. பகே (குடுத்தேன்), புஸ்கே (தேடினேன்), எம்பெஸே (ஆரம்பிச்சேன்). தமிழ்ல எழுதிப் பாரு, ஒண்ணுமே மாறலை. அவங்க எழுத்துல ஈ பக்கத்துல வந்தா சி எழுத்து ககரமா ஒலிக்காது, அதனால ஒலியைக் காப்பாத்த கியூ போடறாங்க. எழுத்துதான் கோணல், வினை நேரானது. தூங்கப் போறேன்.

வண்ணை_வாத்தியார் · புதன் காலை 10.30

பேத்தி 'லெயேர்' (படி) என்பதற்கு 'படித்தான்' லெயோ என்றாள். புத்தகத்தில் பார்த்தேன்: இரண்டு உயிருக்கு நடுவே இகரம் மாட்டிக்கொண்டால் யகரமாகிவிடுகிறது. நாம் யகரத்தை உடம்படுமெய்யாகப் புதிதாய்ச் சேர்க்கிறோம், அவர்கள் இருக்கிற இகரத்தையே யகரம் ஆக்குகிறார்கள். இரண்டு உயிர் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் காவிரிக்காரனும் ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக்காரனும் ஒரே மாதிரி.

கல்மண்டபம்24 · வியாழன் இரவு 9.15

நேத்து காசிமேடு போனதை எழுதியிருக்கேன். திருத்துங்க.

"அயேர் ஃபுவீ அ காசிமேடு. ஆவீய மூச்ச ஹேந்தெ. உன செஞோர வெந்தீய வஞ்சிரம். எல்ய தெஸியோ: நொவெஸியேந்தொஸ். நோ பூதெ பகார் தாந்தொ. அல் ஃபினால் கொஸ்தாவ ஸெதெஸியேந்தொஸ். பகே, வொல்வீ அ காஸ. மி ஆயா எஸ்துவோ கொந்தேந்த."

(நேத்து காசிமேடு போனேன். ஒரே கூட்டம். ஒரு அம்மா வஞ்சிரம் வித்துட்டிருந்தாங்க. தொள்ளாயிரம்னாங்க. அவ்வளவு குடுக்க முடியல. கடைசில எழுநூறு ஆச்சு. குடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். ஆயாவுக்கு சந்தோஷம்.)

கப்பல்மாமா · வியாழன் இரவு 9.40

வஞ்சிரம் எழுநூறா? ஏமாத்திட்டாங்கோ.

நைட்ஷிஃப்ட்_அக்கா · வியாழன் இரவு 10.00

பூதெ சரி, ஆவீய சரி, வெந்தீய ரொம்ப சரி, அந்தம்மா வித்துக்கினே இருந்தாங்க.

தெஸியோ இல்லை. ஹகரத் தெரு: தீஹொன்னு முன்னாடி நெடில் போட்டு எழுது. எஸ்துவோவும் இல்லை, எஸ்தூவொ. ரெண்டுலயும் வால்ல அடிச்சிருக்கே, மண்டையில அடி.

கொஸ்தாவ, கொஸ்தோ. இதைக் கவனி. அந்தம்மா சொன்ன விலை கொஸ்தாவ, அது மாட்டியிருந்த விலை, வாங்கினியோ இல்லையோ. உன் கையை விட்டுப் போனது கொஸ்தோ. தொள்ளாயிரம் கொஸ்தாவ, எழுநூறு கொஸ்தோ. பேரம் பேசறவங்களுக்காகவே ரெண்டு காலம் வெச்சிருக்கான் பாரு.

மனப்பாடமன்னன் · வியாழன் இரவு 10.12

எழுநூறுக்கு கொஸ்தோ. இதை மறக்கமாட்டேன்.

கல்மண்டபம்24 · வெள்ளி காலை 8.05

தீஹொ, எஸ்தூவொ, கொஸ்தோ. மூணையும் கையில எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

மெட்ரோவுல வரும்போது இன்னொண்ணு கண்டுபிடிச்சேன். காலை டிபன் சாப்பிடறதுக்கு தெஸயுனார். 'டிபன் சாப்பிட்டியா நீ?' தெஸயுனாஸ்தெ? மாமா, உங்களுக்காகவே செஞ்ச வார்த்தை.

கப்பல்மாமா · வெள்ளி காலை 8.20

தெஸயு... நாஸ்தெ! இருபத்தேழு வருஷம் கேட்டுக்கினு இருந்தேனே, இது தோணலியே! நாஸ்தா துன்னியா!

தெஸயுனே, பாப்பா. தெஸயுனே. ஆப்பம், பாயா.